செப்டம்பர்ல சாகற சால்மனுக்கு ஏப்ரல்லயே தேதி குறிக்கறாங்க: ஷாஸ்டா அணையும் குளிர்ந்த தண்ணிக் கணக்கும்

வட கலிபோர்னியால ரெட்டிங்னு ஒரு ஊர். ஜூலை மாசம் அங்க 40 டிகிரி வெயில்ங்கறது சர்வ சாதாரணம், 2024 ஜூலைல 48 டிகிரி வரைக்கும் போச்சு. அந்த ஊருக்கு நடுவுல ஓடற சாக்ரமெண்டோ ஆறு மட்டும் அதே ஜூலைல 11, 12 டிகிரில ஓடும், கால விட்டா கொஞ்ச நேரத்துலயே விரலெல்லாம் மரத்துப் போயிரும். இந்தக் குளிர் அந்த இடத்துக்குத் தானா வந்தது இல்ல. ஊருக்கு மேல இருக்கற ஷாஸ்டா அணையோட ஆழத்துல இருந்து எடுத்து விடற தண்ணி அது, அதை நம்பித்தான் உலகத்துல வேற எந்த ஆத்துலயும் இல்லாத ஒரு மீன் இனம் இன்னும் உயிரோட இருக்கு. வின்டர் ரன் சினூக் சால்மன்னு பேரு, ஆத்துல பொறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டை போட மறுபடி ஆத்துக்கே திரும்பி வர்ற மீன்.

அணைக்குக் கீழ இருக்கற ஆத்துல மீனைக் காப்பாத்தணும்னா தண்ணி எவ்வளவு விடறோம்ங்கறதுதான் விஷயம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அளவு முக்கியம்தான், ஆனா இந்த மீனைப் பொறுத்தவரை அணையில ரெண்டு கையிருப்பு இருக்கு, ஒண்ணு தண்ணி, இன்னொன்னு குளிர், தண்ணி மிச்சம் இருக்கும்போதே குளிர் தீர்ந்து போகலாம். தீர்ந்தும் போயிருக்கு, சமீப காலத்துல மட்டும் 2014, 2015, 2021னு மூணு தடவ. அந்த மூணு தடவையும் செப்டம்பர்ல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல, ஏன்னா முடிவு ஏப்ரல் மே மாசத்துலயே எடுத்தாச்சு. அதைத்தான் கொஞ்சம் விவரமா சொல்லப் போறேன்.

முதல்ல இந்த மீனு ஏன் இப்படி ஒரு ஏடாகூடமான நேரத்துல முட்டை போடுதுன்னு பாக்கணும். சாக்ரமெண்டோ ஆத்துல சினூக் சால்மன் நாலு கூட்டமா வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பருவம். பெரும்பாலான சினூக் இலையுதிர் காலத்துல முட்டை போடும், முட்டை குளிர்காலம் பூரா கூழாங்கல்லுக்கு அடியில பத்திரமா கிடக்கும். வின்டர் ரன் மட்டும் குளிர்காலத்துல கடல்ல இருந்து ஆத்துக்குள்ள ஏறி, மாசக்கணக்குல காத்திருந்து, மே ஜூன் ஜூலைல முட்டை போடுது, அதாவது முட்டையும் குஞ்சும் ஆகஸ்ட் செப்டம்பர் வெயிலத் தாண்டணும். பாக்கறதுக்குத் தற்கொலை மாதிரி தெரியும். ஆனா இது ஆயிரக்கணக்கான வருஷமா முட்டை போட்ட இடம் ரெட்டிங் இல்ல. ஷாஸ்டா எரிமலையோட அடிவாரத்துல மெக்லவுட், பிட், மேல் சாக்ரமெண்டோன்னு ஆறுங்க இருக்கு, எரிமலைப் பாறைக்குள்ள ஊறி இறங்கின பனித் தண்ணி அங்க ஊத்தாப் பொங்கி வருது. மெக்லவுட் ஊத்துல கோடையானாலும் குளிரானாலும் தண்ணி 7, 8 டிகிரிதான். அந்த மாதிரி ஒரு இடத்துல கோடையில முட்டை போடறது புத்திசாலித்தனம், போட்டிக்கு வேற கூட்டம் இல்ல, குளிர்கால வெள்ளம் முட்டையை அடிச்சுட்டுப் போகாது.

1938ல ஷாஸ்டா அணை கட்ட ஆரம்பிச்சாங்க, 1945ல முடிச்சாங்க. 602 அடி உயரம், மீன் ஏற ஏணி கிடையாது, அவ்வளவு உயரத்துக்கு வைக்கவும் முடியாது. மேல இருந்த மொத்த ஊத்து ஆறுகளும் ஒரே அடியா மூடிப் போச்சு. கீழ கெஸ்விக்னு இன்னொரு சின்ன அணை, மீன் அதுவரைக்கும்தான் வர முடியும். அந்த இனம் அப்பவே அழிஞ்சிருக்கணும், அழியாததுக்குக் காரணம் யாரும் திட்டம் போடாத ஒரு விஷயம், புது அணை ஆழமா இருந்ததால அதுல இருந்து வந்த தண்ணி கோடையிலயும் குளிரா இருந்தது, மீன் ரெட்டிங் பக்கமே முட்டை போட ஆரம்பிச்சிருச்சு. 1969ல கூட லட்சத்துக்கும் மேல, சுமார் 1,17,000 மீன் திரும்பி வந்திருக்கு. அப்புறம் ரெட்டிங்குக்குக் கீழ ரெட் பிளஃப்ங்கற ஊர்ல பாசனத்துக்காக ஆத்துக்குக் குறுக்க போட்ட தடுப்பணை மீன் ஏறி வர்றதைத் தடுத்தது, 1976, 77 வறட்சியில அணை வத்தி வெதுவெதுன்னு தண்ணி வந்தது, இப்படி ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து 1990களோட தொடக்கத்துல எண்ணிக்கை வெறும் 200க்குப் பக்கம் வந்திருச்சு. 1989ல ஆபத்துல இருக்கற இனம்னும், 1994ல அழியற நிலையில இருக்கற இனம்னும் அமெரிக்க அரசு பட்டியல்ல சேர்த்தாங்க.

இப்ப அணைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். ஷாஸ்டா முழுக் கொள்ளளவு நம்ம கணக்குல சொன்னா கிட்டத்தட்ட 198 டிஎம்சி. குளிர்காலத்துல மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாத் தண்ணியும் ஒரே குளிர்ல இருக்கும், மழையும் பனி உருகின தண்ணியும் வந்து சேரும். ஏப்ரல் மே ஆனா வெயில் மேல் தண்ணியைச் சூடாக்குது, சூடான தண்ணி லேசு, அதனால மேலயே மிதக்குது, கீழ இருக்கற குளிர்ந்த தண்ணியோட கலக்கறதே இல்ல. ஆகஸ்ட்ல மேல் மட்டத்துல குளிச்சா சுகமா 25 டிகிரிக்கு மேல இருக்கும், அடியில 8, 9 டிகிரி. அடியில இருக்கற அந்தக் குளிர்ந்த பகுதிதான் மீனோட சொத்து. கோடை ஆரம்பிச்சப்புறம் அதுல ஒரு சொட்டு கூட சேராது, எடுக்க எடுக்கக் குறையும், அவ்வளவுதான். குளிர்காலத்துல மழை குறைஞ்சு அணை பாதிதான் நிரம்பிச்சுன்னா, அந்த வருஷம் குளிர்ந்த தண்ணியும் பாதிக்கும் கீழ, ஏன்னா மேல் பகுதி சூடாகறதுக்கு வேண்டிய ஆழத்தை வெயில் எப்படியும் எடுத்துக்கும், மிச்சம்தான் அடியில நிக்கும்.

இதைக் கட்டுப்படுத்த 1997ல அணையோட உள் முகத்துல ஒரு பிரம்மாண்டமான இரும்புச் சட்டத்தை மாட்டினாங்க. சுமார் 300 அடி உயரம், 250 அடி அகலம், செலவு 8 கோடி டாலர். வெவ்வேற உயரத்துல ஷட்டருங்க இருக்கும், வேண்டிய ஆழத்துல ஷட்டரத் திறந்து தண்ணியை டர்பைனுக்கு அனுப்பலாம். அதுக்கு முன்னாடி பத்து வருஷம் குளிர்ந்த தண்ணி வேணும்னா கரண்ட் எடுக்கறதை விட்டுட்டு அடி மதகு வழியா சும்மா திறந்து விட வேண்டியிருந்தது, கரண்ட் நட்டம் தாங்க முடியாமதான் இந்த ஏற்பாடே வந்தது. வேலை செய்யற விதம் இப்படி: வசந்த காலத்துல மேல் ஷட்டர்ல இருந்து சூடான தண்ணியை எடுத்து அனுப்பி, அடியில இருக்கற குளிரைத் தொடாம வச்சிருப்பாங்க. கோடை ஏற ஏற நடு ஷட்டர், அப்புறம் கீழ் ஷட்டர், கடைசியா பக்கவாட்டுல இருக்கற ஆழமான ஷட்டர். அந்தக் கடைசி ஷட்டரையும் முழுசா திறந்தாச்சுன்னா கையில வேற சீட்டே இல்ல, அதுக்கப்புறம் என்ன சூட்டுல தண்ணி வருதோ அதான் ஆத்துக்கு. இந்த இயந்திரம் நல்ல இயந்திரம், இது இல்லன்னா இந்த மீன் இன்னிக்கு இருந்திருக்காதுன்னே நினைக்கறேன். ஆனா இதால குளிரை உருவாக்க முடியாது, இருக்கறதைப் பங்கு வச்சுக் கொடுக்கத்தான் முடியும். முதல் தேதி சம்பளத்தை முதல் வாரத்துலயே செலவழிச்ச வீட்டுல எவ்வளவு நல்ல கணக்கு நோட்டு இருந்தும் என்ன பிரயோஜனம், அந்தக் கதைதான்.

எத்தனை டிகிரி வேணும்? இதுல ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு இருக்கு, இது தெரியாம இந்தச் சண்டையே புரியாது. 1990ல கலிபோர்னியா மாநிலத் தண்ணி வாரியம் போட்ட உத்தரவுல 56 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 13.3 டிகிரி செல்சியஸ்னு இருந்தது, கெஸ்விக்ல இருந்து 95 கிலோமீட்டர் கீழ இருக்கற ரெட் பிளஃப் வரைக்கும் முடிஞ்சவரை அந்தச் சூட்டைத் தாண்டக் கூடாதுன்னு. ஆய்வுக்கூடத்துல முட்டையை வச்சுப் பாத்தப்ப அதைவிடச் சூட்டுல கூட பிழைச்சுது, அதனால 13.3 பாதுகாப்பான எல்லைன்னு எல்லாரும் நம்பினாங்க. ஆனா ஆத்துல அந்தச் சூடு இருந்த வருஷத்துல முட்டை செத்துக்கிட்டே இருந்தது. 2017ல வந்த ஒரு ஆய்வுதான் ஏன்னு விளக்குச்சு. ஆய்வுக்கூடத்துல முட்டை மேல தண்ணி நல்லா வேகமா ஓடும். ஆத்துல பொண்ணு மீன் வாலால கூழாங்கல்லை அடிச்சு அடிச்சுப் பள்ளம் தோண்டி, சுமார் 5,000 முட்டை போட்டு, மேல மறுபடி கல்லைத் தள்ளி மூடிரும், அந்தக் கல்லு இடுக்குல தண்ணி ரொம்ப மெதுவா ஊறித்தான் போகும். சால்மன் முட்டை பெருசு, பட்டாணி அளவு இருக்கும், உள்ள இருக்கற கருவுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் அந்தத் தோல் வழியா மட்டும்தான் வரணும். தண்ணி சூடாச்சுன்னா கரு வேகமா வளரும், ஆக்ஸிஜன் அதிகமா கேக்கும், அதே நேரம் சூடான தண்ணியில கரைஞ்சிருக்கற ஆக்ஸிஜன் குறைவு. பொரியறதுக்குச் சில நாள் முன்னாடிதான் தேவை உச்சத்துல இருக்கும், அப்ப ரெண்டு டிகிரி கூடினாலும் முட்டை மூச்சு முட்டிச் சாகும். ஆய்வுக்கூடத்துல தாங்கற சூட்டைவிட ஆத்துல சுமார் 3 டிகிரி கீழயே சாவு ஆரம்பிக்குதுன்னு அவங்க கணக்குப் போட்டாங்க, பாதுகாப்பான எல்லை 12 டிகிரிக்குப் பக்கம்னு வந்தது.

ஒண்ணேகால் டிகிரி வித்தியாசம் தானேன்னு தோணலாம். அந்த ஒண்ணேகால் டிகிரியை நாலஞ்சு மாசம் காப்பாத்தணும்னா அணையில எவ்வளவு அதிகமா குளிர்ந்த தண்ணி வேணும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால காலப்போக்குல காப்பாத்தற நீளத்தைச் சுருக்கிட்டாங்க, ஒரு காலத்துல ரெட் பிளஃப் வரைக்கும்னு பேசின இடத்துல இப்ப ரெட்டிங்குக்குக் கீழ கிளியர் க்ரீக் வந்து சேர்ற இடம் வரைக்கும், கெஸ்விக்ல இருந்து ஒரு 16 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு முழு இனத்தோட பிரசவ ஆஸ்பத்திரி அந்தப் பதினாறு கிலோமீட்டர்தான். ரெட்டிங்ல சன்டயல் பாலம்னு ஒரு நடைபாலம் இருக்கு, 2004ல திறந்தது, ஒத்தைக் கோபுரத்துல கம்பி கட்டித் தொங்குது, ஆத்துக்குள்ள ஒரு தூண் கூட இறக்கல. அழகுக்காகன்னு நினைச்சிருவோம், ஆனா கீழ சால்மன் முட்டை போடற இடம்ங்கறதாலதான் தண்ணியைத் தொடாம கட்டினாங்க. ஒரு நடைபாலத்துக்கு அவ்வளவு யோசிச்ச ஊரு. அதே அக்கறை மேல அணையில எல்லா வருஷமும் இருந்ததுன்னு என்னால சொல்ல முடியல.

2014 வறட்சியோட மூணாவது வருஷம். அணை கோடைக்குள்ள நுழையும்போதே குறைவு, பாசனத்துக்குத் தண்ணி போச்சு, செப்டம்பர்ல குளிர் தீர்ந்தது, ஆத்துச் சூடு எல்லையைத் தாண்டிச்சு. அந்த வருஷ முட்டையில சுமார் 95 சதம் செத்துப் போச்சு. வழக்கமா நாலு முட்டைக்கு ஒரு குஞ்சாவது ரெட் பிளஃப் பக்கம் போய்ச் சேரும். 2015ல இது திரும்ப நடக்கக் கூடாதுன்னு ரொம்ப கவனமா திட்டம் போட்டாங்க, ஆனா அணைக்குள்ள சூட்டை அளக்கற கருவியே தப்பா காட்டியிருந்தது மே மாசக் கடைசியிலதான் தெரிய வந்தது, கையில இருக்குன்னு நினைச்ச குளிர் நிஜத்துல இல்ல. அந்த வருஷமும் அதே அளவு சாவு. வின்டர் ரன்ல பெரும்பாலானது மூணு வயசுல திரும்பி வர்ற மீன், அப்ப ரெண்டு வருஷம் தொடர்ந்து அழிஞ்சதுன்னா மூணுல ரெண்டு தலைமுறை காலி. அணையோட காலடியில இருக்கற லிவிங்ஸ்டன் ஸ்டோன் ஹேட்சரிதான் அப்ப கை கொடுத்தது, வழக்கமா 2 லட்சம் குஞ்சு வளக்கற இடத்துல 2014ல 6 லட்சம் வளத்தாங்க. அந்த ஹேட்சரிக்கும் தண்ணி அதே அணையில இருந்துதான் வருது, அதனால வறட்சியில அங்கயும் சில்லர் போட்டுத் தண்ணியைக் குளிர வைக்க வேண்டியதாப் போச்சு.

2021 எனக்கு இன்னும் ஆறாத கோபம். அந்த வருஷம் முட்டை போட வந்த மீன் சுமார் 10,000, பல வருஷத்துல பாக்காத நல்ல கூட்டம். வசந்த காலத்துல மலையில பனி ஓரளவு இருந்தது, அது உருகி அணைக்கு வரும்னு கணக்குப் போட்டாங்க, ஆனா முந்தின வருஷ வறட்சியில காஞ்சு கிடந்த மண்ணே அதைக் குடிச்சிருச்சு. வரவேண்டியது வரல, ஆனா வரும்னு நம்பி ஏப்ரல் மே மாசத்துல அணையில இருந்து பெரிய அளவுல பாசனத்துக்கு விட்டாச்சு. செப்டம்பர் கடைசியில அணையில மிச்சம் 47 டிஎம்சிக்குப் பக்கம், கொள்ளளவுல கால்வாசிக்கும் கீழ. 2009ல மீன் பாதுகாப்புக்குன்னு போட்ட விதியில செப்டம்பர் கடைசியில பெரும்பாலான வருஷம் சுமார் 96 டிஎம்சி மிச்சம் வைக்கணும்னு இலக்கு இருந்ததையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்த வருஷ முட்டையில குஞ்சானது 2.6 சதம். வசந்த காலத்துலயே விஞ்ஞானிகளோட மாதிரிக் கணக்கு பெரிய சாவு வரும்னு சொல்லிருச்சு, ஆக தெரியாம நடந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது.

தண்ணி யாருக்குப் போச்சு? சாக்ரமெண்டோ பள்ளத்தாக்குல நெல்லு போடறவங்களுக்குப் பெரும்பங்கு. அங்க நல்ல வருஷத்துல 5 லட்சம் ஏக்கர் நெல்லு, ஏப்ரல் மே மாசத்துல வயலுக்குத் தண்ணி கட்டி, முளைகட்டின விதையை விமானத்துல இருந்து தூவுவாங்க. அந்த விவசாயிகளோட ஆத்து உரிமை அணைக்கும் முந்தினது, அணை வந்தப்புறம் அரசோட பேசி 1964ல ஒப்பந்தம் போட்டாங்க, அதை 2005ல மறுபடி 40 வருஷத்துக்குப் புதுப்பிச்சாங்க. வருஷத்துக்கு 90 டிஎம்சிக்குப் பக்கம், எவ்வளவு மோசமான வறட்சியா இருந்தாலும் 75 சதத்துக்குக் கீழ குறைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். நெல்லு போடறவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, சட்டப்படி இருக்கற உரிமை, வயல் காஞ்சா அந்த ஊரு டிராக்டர் மெக்கானிக்ல இருந்து அரவை மில்லு வரைக்கும் எல்லாருக்கும் அடி. வாத்தும் கொக்கும் அந்த வயலை நம்பித்தான் குளிர்காலத்துல இறங்குது. ஆனா 1964ல போட்ட அந்த 75 சதக் கணக்குல குளிர்ங்கற சரக்கே இல்ல. தண்ணியை மட்டும் எண்ணின காலத்து ஒப்பந்தம் அது.

குறைக்க முடியாதான்னா, முடியும்னு 2022 காட்டிச்சு. தொடர்ந்து மூணாவது வறட்சி வருஷம், அப்ப அதே ஒப்பந்தக்காரங்க பேசி ஒத்துக்கிட்டு 18 சதம் மட்டும் எடுத்துக்கிட்டாங்க, நெல்லு பரப்பு பாதியாச்சு, வயல் வயலா தரிசு. வசந்த காலத்துல கெஸ்விக்ல இருந்து விட்டது வினாடிக்கு 3,250 கன அடி வரைக்கும் குறைஞ்சது. ஆத்துச் சூடு முந்தின வருஷத்தைவிட நல்லா கட்டுப்பாட்டுல இருந்தது, சூட்டால வந்த சாவு ரொம்பக் குறைஞ்சது. ஆனா அந்த வருஷமும் குஞ்சு எண்ணிக்கை ஏறல. காரணம் கடல்ல இருந்து வந்தது. கலிபோர்னியா கடலோரத்துல நெத்திலி மீன் பெருகி, சால்மன் வேற இரை இல்லாம அதையே தின்னு, நெத்திலியில இருக்கற ஒரு என்சைம் உடம்புல தயமினை, அதான் வைட்டமின் பி1, அழிச்சிருது, அந்தத் தாய் போட்ட முட்டையில வந்த குஞ்சு நேரா நீந்த முடியாம சுத்திச் சுத்திச் சாகுது. 2020ல ஹேட்சரியில குஞ்சுங்க இப்படித் திருகிக்கிட்டு நீந்தறதைப் பாத்துத்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, ஹேட்சரியில தாய் மீனுக்குத் தயமின் ஊசி போட்டுச் சமாளிக்கறாங்க, ஆத்துல முட்டை போடற மீனுக்கு யார் ஊசி போடறது. குளிர் இருந்தா மட்டும் எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்ல வரல. குளிர் இல்லன்னா மத்தது எதைச் செஞ்சும் பிரயோஜனம் இல்லன்னு சொல்றேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கு, குளிரைச் சேமிக்கறேன்னு வசந்த காலத்துல ஆத்தை ரொம்பக் குறைச்சா அதே நேரம் கடலுக்குப் போற மத்த சால்மன் குஞ்சுங்களுக்கு அடி, அதுகளுக்குத் தள்ளிவிட ஒரு நீரோட்டம் வேணும், கம்மித் தண்ணி சீக்கிரம் சூடாகும், தெளிஞ்ச ஆத்துல பெரிய மீனுங்க கண்ணுக்குக் குஞ்சு சுலபமா மாட்டும். இலையுதிர் காலத்துலயும் ஒண்ணு: கோடையில பாசனத்துக்காக 10,000 கன அடிக்கு மேல விட்டுட்டு செப்டம்பர் அக்டோபர்ல சட்டுனு குறைச்சா, கரையோரமா ஆழம் கம்மியான இடத்துல போட்ட முட்டைக் குழி வெளிய வந்து காஞ்சிரும். அதுக்காகவே ஆளுங்க படகுல போய் ஒவ்வொரு ஆழமில்லாத குழிக்கும் குறி வச்சு, எத்தனை கன அடிக்குக் கீழ போனா எந்தக் குழி காயும்னு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க, தண்ணி குறைக்கற தேதியை அதப் பாத்துத் தள்ளிப் போடறதும் உண்டு. செத்த மீனையும் எண்ணறாங்க, முட்டை போட்டு முடிச்ச சால்மன் எப்படியும் செத்துரும், படகுல போய் கொக்கியால இழுத்து, நீளம் அளந்து, ஹேட்சரி மீனா ஆத்து மீனான்னு தெரிஞ்சுக்க மீனோட துடுப்பு வெட்டியிருக்கான்னு பாத்து, முட்டை வயித்துலயே மிச்சம் இருக்கான்னு பாத்து எழுதிக்குவாங்க. நாத்தம் குடலைப் புரட்டற வேலை. அந்த ஆளுங்க எழுதற நோட்டையும் வச்சுத்தான் நான் மேல சொன்ன முட்டைச் சாவு சதவீதத்தைக் கணக்குப் போடறாங்க. கூழாங்கல் கூட லாரியில கொண்டு வந்து கெஸ்விக்குக் கீழ கொட்டறாங்க, ஏன்னா அணை தண்ணியை விட்டாலும் கல்லை விடறதில்ல, மேல இருந்து உருண்டு வர வேண்டிய கல்லெல்லாம் ஏரிக்கு அடியில நின்னுருது.

மீனா விவசாயமான்னு இந்த விவகாரத்தைச் சுருக்கிப் பேசறவங்க மறக்கற ஒரு கூட்டம் மீன் பிடிக்கறவங்க. கலிபோர்னியால 2023, 2024 ரெண்டு வருஷமும் கடல்ல சால்மன் பிடிக்கவே தடை, 2025ல வியாபாரத்துக்குப் பிடிக்க மறுபடி தடை. அது வின்டர் ரன்னால வந்தது இல்ல, இலையுதிர் காலக் கூட்டமும் வறட்சி வருஷச் சூட்டுல அடி வாங்கினதால வந்தது. அவங்களும் ஒரு பயிரை நம்பி இருக்கற குடும்பங்கதான், அவங்க விதைப்பு நடக்கறது ரெட்டிங்ல, அறுவடை மட்டும் கடல்ல. அவங்களுக்கு 75 சதம் உறுதின்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரல.

ஒரு விஷயத்தை இங்க தெளிவா சொல்லணும், அணையில இருந்து குளிர்ந்த தண்ணி விட்டா நல்லதுங்கறது எல்லா ஆத்துக்கும் பொருந்தாது. ஆஸ்திரேலியால மரே டார்லிங் படுகையில இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அங்க இருக்கற மரே காட் மாதிரி மீனுங்களுக்கு முட்டை போட வெதுவெதுன்னு தண்ணி வேணும், அணை அடியில இருந்து வர்ற குளிர்ந்த தண்ணி நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு அதைக் கெடுக்குது, அதனால பரண்டாங் அணையில 2014ல மதகைச் சுத்தி ஒரு பெரிய திரையைக் கட்டி மேல் தண்ணியை எடுக்க ஏற்பாடு பண்ணாங்க. கொலராடோ ஆத்துல க்ளென் கேன்யன் அணையில ஏரி வத்தி 2022ல சூடான தண்ணி வெளிய வந்தப்ப, கூடவே வெளியூர்ப் பாஸ் மீனும் வந்து கீழ பெருக ஆரம்பிச்சது, அது உள்ளூர் மீனைத் திங்கற மீன், 2024ல கரண்டை விட்டுக் கொடுத்துக் குளிர்ந்த தண்ணியைத் திறந்து அது முட்டை போடறதைத் தடுத்தாங்க. எந்த ஆத்துக்கு எந்தச் சூடு சொந்தமோ அதைத் திருப்பிக் கொடுக்கறதுதான் வேலை. சாக்ரமெண்டோல அந்தச் சொந்தம் எரிமலை ஊத்து, அதுக்குப் பதிலா நிக்கறதுதான் இந்த ஷட்டர் எல்லாம்.

என்ன செய்யலாம்னு கேட்டா என் கருத்து ரெண்டு பாகம். முதல்ல, ஏப்ரல்ல பாசன ஒதுக்கீடு அறிவிக்கும்போது வரும்னு எதிர்பாக்கற பனித் தண்ணியைக் கணக்குல சேர்க்காம, அணையில அளந்து பாத்த குளிர்ந்த தண்ணி எவ்வளவோ அதை மட்டும் வச்சு முடிவு எடுக்கணும், அப்புறம் நிஜமா தண்ணி வந்தா மே மாசம் கூட்டிக் கொடுக்கலாம். இப்ப நடக்கறது தலைகீழ், முதல்ல கொடுத்துட்டு அப்புறம் இல்லன்னு தவிக்கறது. நெல்லு போடறவங்களுக்கு இதனால முதல்லயே தரிசு போடற முடிவு எடுக்க வேண்டி வரும், அதுக்கு நஷ்ட ஈடு கொடுக்கணும், 2022ல நடந்த பேச்சுவார்த்தையை வறட்சி முத்தினப்புறம் அவசரமா நடத்தாம ஒப்பந்தத்துக்குள்ளயே எழுதி வைக்கணும். அணையை இன்னும் பதினெட்டரை அடி உயர்த்தினா குளிர்ந்த தண்ணி கூடும்னு ஒரு திட்டம் ரொம்ப வருஷமா பேச்சுல இருக்கு. மழை வராத வருஷத்துல உயரமான அணை மட்டும் எப்படி நிரம்பும்னு எனக்குப் புரியல, அதோட அது வின்னமெம் வின்டு பழங்குடி மக்களோட மிச்சம் இருக்கற புனித இடங்களையும் மூழ்கடிக்கும்.

ரெண்டாவது பாகம் அவங்களோடதுதான். மெக்லவுட் ஆறு வின்னமெம் மக்களோட ஆறு, ஷாஸ்டா ஏரிக்கு அடியில அவங்க ஊருங்க கிடக்கு. சால்மனை அவங்க நூர்னு கூப்பிடறாங்க. 1872ல அமெரிக்க அரசு முதல் சால்மன் ஹேட்சரியை அந்த ஆத்தங்கரையிலதான் வச்சது, வச்சவர் பேருதான் லிவிங்ஸ்டன் ஸ்டோன், இன்னிக்கு அணைக்குக் கீழ இருக்கற ஹேட்சரிக்கு அவர் பேரு. சாக்ரமெண்டோ படுகையில இருந்து நியூசிலாந்துக்குப் போன முட்டையில இருந்து அங்க ஒரு சால்மன் கூட்டமே உருவாச்சு, 2010ல வின்னமெம் மக்கள் அவங்க தலைவர் கலீன் சிஸ்க்கோட ராக்காயா ஆத்துக்குப் போய் அந்த மீனுக்கு முன்னாடி ஆடிப் பாடி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாங்க. 2022 கோடையில, வறட்சி உச்சத்துல, லிவிங்ஸ்டன் ஸ்டோன்ல இருந்து ரெண்டு தவணையா சுமார் 40,000 வின்டர் ரன் முட்டையை மெக்லவுட் கரைக்குக் கொண்டு போய் ஆத்துத் தண்ணியிலயே பொரிக்க வச்சாங்க. எண்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த ஆத்துல அந்த மீன். 2023 மே மாசம் மாநில மீன்துறையும் மத்திய மீன்வள அமைப்பும் அந்த மக்களை நிர்வாகத்துல கூட்டாளியா சேர்த்து ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கு முன்னாடி இந்த மீனைப் பத்தி எடுத்த முடிவுல அவங்க கையெழுத்துக்கு இடமே இல்ல.

மேல பொரிக்க வைக்கறதுல பெரிய கஷ்டம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு, தண்ணி அங்க தானாவே குளிரா இருக்கு. கஷ்டம் குஞ்சைக் கீழ கொண்டு வர்றது. குஞ்சு நீரோட்டத்தைப் பிடிச்சுக் கடலைத் தேடி இறங்கும், இறங்கினா ஷாஸ்டா ஏரிக்குள்ள போய் நிக்கும், அங்க நீரோட்டமே இல்ல, பாஸ் மீனு காத்திருக்கும், தாண்டினாலும் 602 அடி அணை. அதனால ஏரிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பொறி வச்சுப் பிடிச்சு லாரியில ரெட்டிங் கொண்டு வந்து விடணும். முதல் வருஷம் ஆத்துல விட்ட குஞ்சுல பிடிபட்டது ஆயிரத்துச் சொச்சம்தான். ஏரி வாயில மிதக்கற திரை போட்டுக் குஞ்சை ஒரு பக்கமா ஒதுக்கிப் பிடிக்கற சாதனத்தை மாநிலத் தண்ணித் துறை அதே வருஷம் சோதிச்சுப் பாக்க ஆரம்பிச்சது. வின்னமெம் மக்கள் கேக்கறது லாரியும் பொறியும் இல்ல, அணையைச் சுத்தி இருக்கற ஓடைகளை இணைச்சு மீன் தானே ஏறி இறங்கற ஒரு வழி. அதுக்கு ஆகற செலவும் காலமும் பெருசு. அது வர்ற வரைக்கும் இந்த இனத்துல பெரும்பங்கு கெஸ்விக்குக் கீழ அந்தப் பதினாறு கிலோமீட்டர்லதான் முட்டை போடும். வறட்சி வருஷம் மறுபடி வரும்போது ஏப்ரல்ல அணையில இருக்கற குளிரை எப்படி எண்ணறாங்கங்கறதைப் பொறுத்துத்தான் அந்த வருஷ முட்டை பொரியறதும் பொரியாததும்.